1940 ஃபோர்டு சேஸியில் 8பிஏ பிளாட்ஹெட் எஞ்சினைப் பொருத்துதல்

1949 முதல் 1953 வரை ஃபோர்டு கார்களில் வந்த 8பிஏ என்ற பிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே அமைந்த) வி8 எஞ்சின் 239 கன அங்குலக் கொள்ளளவும், தொடக்கத்தில் 100 குதிரைத்திறனும் கொண்டது. 1940 ஃபோர்டில் இருந்த 221 கன அங்குல, 85 குதிரைத்திறன் எஞ்சினின் இடத்தில் இதை உட்கார வைக்கச் சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ரம்பத்தை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினின் முன்முனையையும் பின்முனையையும் மாற்றினாலே போதும்.

சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு உடலான பிளாக்கை முதலில் சோதியுங்கள். பிளாட்ஹெட்டில் புகைபோக்கு வழிகள் பிளாக்கினுள்ளேயே, குளிர்நீர் சூழ ஓடுவதால் அதற்கு இயல்பாகவே சூடு அதிகம். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையிலும், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போல்ட் துளைகளைச் சுற்றியும் விரிசல் விழுவது வழக்கம். நான் திறந்த ஒரு பிளாக்கின் நீர் அறைகளில் துருவும் வார்ப்பு மணலும் களிமண்போல இறுகிக் கிடந்தன. வளைத்த கம்பியால் நெடுநேரம் சுரண்டிய பிறகே ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மறுபக்கம் தெளிவாக வந்தது. இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு ரேடியேட்டரைக் குறை சொல்கிறார்கள்.

பழைய எஞ்சின்களில், கிளட்ச்சை மூடி எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மேற்பாதி பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். 8பிஏ-யில் அது போல்ட்டால் பூட்டப்படும் தனி உறுப்பு. காரில் வந்த உறுப்பு பழைய கியர்பாக்ஸை ஏற்காது என்பதால், அதே காலத்து ஃபோர்டு எஃப்-1 டிரக்கின் பெல் ஹவுசிங்கைத் தேடிப் பிடியுங்கள். ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் மூன்றும் அதற்குப் பொருந்துகின்றனவா என்பதை எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே தரையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

முன்புறம் எஞ்சினைத் தாங்குவது வாட்டர் பம்புகளில் உள்ள கால்கள்தான். அவை பழைய சேஸியின் தாங்கிகளில் சரியாக அமர வேண்டுமானால், கார் பம்புகளை விட்டுவிட்டு டிரக் பம்புகளைப் பூட்டுங்கள். பழைய ஹெட்டின் நடுவில் இருந்த நீர் வெளிவழி 8பிஏ-யில் முன்னால் வருவதால், மேல் ஹோஸ்களை மடிப்பு விழாதபடி புதிதாக வளைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர். 8பிஏ-யின் லோட்-ஓ-மேட்டிக் டிஸ்டிரிபியூட்டரில் சுழல்வேகத்தால் இயங்கும் எடைகள் கிடையாது. தீப்பொறி நேரத்தை முன்தள்ளுவது முழுவதும் கார்புரேட்டரிலிருந்து வரும் வெற்றிட அழுத்தமே. எனவே அதற்கேற்ற வெற்றிடத்தைத் தராத பழைய ஸ்ட்ரோம்பர்க் கார்புரேட்டர்களை அழகுக்காக ஏற்றினால் வண்டி ஏற்றத்தில் திணறும். அதற்குரிய ஹோலி கார்புரேட்டரையே வையுங்கள், அல்லது எடைகளுள்ள வேறு டிஸ்டிரிபியூட்டருக்கு மாறுங்கள். தீப்பொறி வரிசை 1-5-4-8-6-3-7-2. ஓட்டுநருக்கு வலப்பக்க வரிசையில் முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கத்தில் 5 முதல் 8.

ஹெட் போல்ட்டுகள் நீர் அறைக்குள் இறங்குவதால், ஒவ்வொன்றின் மரையிலும் கசிவுத்தடுப்புப் பசை தடவியே முறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, பிறகு முழுவதும் ஆறியதும் அவற்றை மீண்டும் ஒருமுறை முறுக்கி, ரேடியேட்டரில் நீர்மட்டத்தைப் பாருங்கள்.