மூடி வைத்த மடிக்கணினியில் பேட்டரி இறங்குகிறதா? லினக்ஸில் ஏசிபிஐ அட்டவணையைச் சோதிக்கும் முறை

இரவு மூடி வைத்த மடிக்கணினியைக் காலையில் திறக்கும்போது பேட்டரி பாதியாகக் குறைந்திருந்தால், பழி பெரும்பாலும் லினக்ஸின் மேல்தான் விழுகிறது. ஆனால் எந்த உறக்கநிலைகள் உண்டு, எந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்பதை இயங்குதளத்துக்குச் சொல்பவை ஃபர்ம்வேரில் (பயாஸ் போல, கணினியிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளில்) உள்ள ஏசிபிஐ அட்டவணைகள்; ஏசிபிஐ என்பது வன்பொருள் விவரத்தையும் மின்சக்தி மேலாண்மையையும் இயங்குதளத்துக்குச் சொல்வதற்கான தரநிலை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்ட இத்தரநிலையை 2013 முதல் யூஇஎஃப்ஐ ஃபோரம் என்னும் தொழில்துறை அமைப்பு பராமரித்து வருகிறது.

முதலில், சிஸ் கோப்பகத்தின் பவர் பகுதியில் இருக்கும் மெம்-ஸ்லீப் கோப்பைப் படியுங்கள். எஸ்2ஐடில் (கணினி முழுவதும் அணையாத இலேசான உறக்கம்), டீப் (ரேமைத் தவிரப் பெரும்பாலானவை அணையும் ஆழ்ந்த உறக்கம், ஏசிபிஐயில் எஸ்3) ஆகிய இரண்டு சொற்கள் இருந்தால், சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது நடைமுறையில் உள்ள நிலை. எஸ்2ஐடிலில் பேட்டரி வேகமாக இறங்கினால், கெர்னலுக்கு (லினக்ஸின் மையநிரலுக்கு) துவக்கத்தில் தரும் அளவுருவாக மெம்-ஸ்லீப்-டிஃபால்ட் என்பதற்கு டீப் என்னும் மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். டீப் என்ற சொல்லே இல்லையென்றால், ஃபர்ம்வேர் எஸ்3 நிலையை முன்வைக்கவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்; சில திங்க்பேட் மாதிரிகளில் பயாஸ் அமைப்பிலேயே உறக்கநிலையை லினக்ஸுக்கு மாற்றும் தெரிவு உண்டு.

அடுத்து, ப்ராக் கோப்பகத்தில் ஏசிபிஐ என்பதன் கீழுள்ள வேக்அப் கோப்பு, கணினியை எழுப்பக்கூடிய சாதனங்களையும், ஒவ்வொன்றுக்கும் அந்த உரிமை இயக்கத்தில் உள்ளதா என்பதையும் காட்டும். எக்ஸ்ஹெச்சி என்பது யூஎஸ்பி கட்டுப்படுத்தி. கணினி தானாகவே விழித்துக்கொள்வதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. ரூட் உரிமையோடு அந்தப் பெயரைக் கோப்பில் எழுதினால் உரிமை அணையும், மீண்டும் எழுதினால் திரும்ப வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கோப்பைப் படித்து உறுதிசெய்துகொள்வது நல்லது. மறுதுவக்கத்தில் இம்மாற்றம் நிலைக்காது என்பதால், தயங்காமல் சோதிக்கலாம்.

இவற்றால் தீராதபோதுதான் டிஎஸ்டிடி என்னும் முதன்மை ஏசிபிஐ அட்டவணையில் கை வைக்க வேண்டும். ஏசிபிஐடம்ப் கருவியால் எல்லா அட்டவணைகளையும் எடுத்து, அதன் துணை அட்டவணைகளான எஸ்எஸ்டிடி கோப்புகளையும் சேர்த்துக் கொடுத்து, ஐஏஎஸ்எல் என்னும் ஏசிபிஐ தொகுப்பியைக் கொண்டு மூலநிரலாக்குங்கள். அவற்றை விட்டுவிட்டால் வெளியிலுள்ள செயல்முறைகளின் உள்ளீட்டு எண்ணிக்கையைக் கருவி தவறாக ஊகித்து, உண்மையில் இல்லாத பிழைகளைக் காட்டக்கூடும். எதையும் திருத்தும் முன் அப்படியே ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். நிரலைப் படிக்கும்போது ஓஎஸ்ஐ என்ற வினா (எந்த இயங்குதளம் ஓடுகிறது என ஃபர்ம்வேர் கேட்பது) வரும் கிளைகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்: லினக்ஸ் கெர்னல் விண்டோஸ் பதிப்புப் பெயர்களுக்கு 'ஆம்' என்றும், லினக்ஸ் என்ற பெயருக்கு 'இல்லை' என்றும் விடையளிப்பதால், லினக்ஸுக்கென எழுதப்பட்ட கிளை வழக்கமாக ஓடுவதே இல்லை.

திருத்திய பிறகு, அட்டவணையின் தலைப்பிலுள்ள ஓஇஎம் (தயாரிப்பாளர்) திருத்த எண்ணை ஒன்று கூட்டுங்கள்; கூட்டாவிட்டால் கெர்னல் பழைய அட்டவணையையே வைத்துக்கொள்ளும். தொகுத்த கோப்பைக் கெர்னல், ஃபர்ம்வேர், ஏசிபிஐ என்ற கோப்புறை அடுக்கில் இட்டு, சுருக்கப்படாத சிபிஐஓ காப்பகமாக்கி, இனிட்ஆர்டிக்கு (துவக்கத்தில் கெர்னலோடு ஏற்றப்படும் தற்காலிகக் கோப்புத்தொகுப்புக்கு) முன்னால் ஒட்ட வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் பாதுகாப்பு) இயங்கும்போது கெர்னல் பூட்டு இதைத் தடுப்பது வழக்கம்.

அதே மாதிரி மடிக்கணினிக்காக வேறொருவர் திருத்திய கோப்பை எடுத்துப் போடாதீர்கள். அட்டவணைக்குள் இருக்கும் நினைவக முகவரிகள் ரேம் அளவையும் பயாஸ் பதிப்பையும் பொறுத்து மாறக்கூடும். இதே காரணத்தால், பயாஸைப் புதுப்பிக்கும் முன் உங்கள் சொந்தத் திருத்தத்தையும் இனிட்ஆர்டியிலிருந்து நீக்கிவிட்டு, புதிய ஃபர்ம்வேரின் அட்டவணையை மறுபடியும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.