பழைய அம்பாசடரின் டேப்பெட் கவரில் ஆயில் கசிகிறதா?

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசடரில், டேப்பெட் கவர் (இன்ஜின் தலைப்பகுதியில் வால்வு இயக்கப் பாகங்களை மூடும் தகட்டு மூடி) மேலே உள்ள இரண்டு நட்டுகளால் மட்டுமே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கசிவு கண்டதும் அந்த நட்டுகளை மேலும் இறுக்குவதே பலரின் வழக்கம். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் தகட்டால் ஆன கவர் வளைந்து, இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கார்க் பேக்கிங் பிதுங்கி, கசிவு கூடத்தான் செய்யும்.

புதிய பேக்கிங் வாங்கும்போது அதை மெல்ல வளைத்துப் பாருங்கள். கடையில் நெடுநாள் கிடந்து காய்ந்த கார்க், வளைத்த இடத்தில் விரிசல் விட்டு, தூள் உதிர்க்கும். அதை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கவரின் விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்து, இடைவெளி தெரியும் இடங்களை மெதுவாகத் தட்டிச் சமன்செய்த பிறகு, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். பசையைக் கவரின் பக்கம் மட்டும் மெல்லிதாகத் தடவி, இன்ஜின் ஹெட்டில் படும் பக்கத்தை உலர்வாகவே விட்டால், அடுத்த முறை டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யக் கழற்றும்போது பேக்கிங் கிழியாது. சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பிதுக்குபவர்கள், உள்ளே உதிரும் துணுக்குகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நட்டுகளுக்கு அடியிலுள்ள ரப்பர் புஷ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் கசிந்தால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.