அப்கிரேட் டிவிடியை மட்டும் வைத்து விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவுவது எப்படி?

என் பழைய லேப்டாப் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. பிற்பாடு விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் அப்கிரேட் பெட்டி வாங்கி, விஸ்டாவின் மேலேயே ஏற்றியிருந்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட, புது எஸ்எஸ்டி மாட்டினேன். டிஸ்க்கில் எதுவும் இல்லை, கையில் இருப்பது அப்கிரேட் டிவிடி மட்டும். முதலில் விஸ்டாவைப் போடு, அப்புறம் அதன் மேல் 7-ஐப் போடு என்றுதான் கேட்ட இடத்தில் எல்லாம் சொன்னார்கள். அது தேவையே இல்லை. காலி டிஸ்க்கில் நேராகப் போடலாம், கீயைச் சரிபார்த்து உரிமத்தை உறுதி செய்யும் ஆக்டிவேஷனில்தான் ஒரு சிக்கல் வரும். எனக்கு இரண்டு மாலைகள் போனது அதில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்கிரேட் கீ, அதாவது பெட்டியோடு வரும் 25 எழுத்துக் குறியீடு, பழைய விண்டோஸுக்கு உரிமம் வைத்திருப்பவர்களுக்காக விற்கப்பட்டது. உங்களிடம் அந்த உரிமம் இருந்தால்தான் இந்த வழி. இன்னொன்று, விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. நான் இதைப் போட்டது ஒரு பழைய ஸ்கேனருக்காக. அதன் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், புது விண்டோஸில் ஓடாது. ஆக்டிவேட் ஆனதும் நெட் ஒயரைக் கழற்றிவிட்டேன். வங்கி வேலைக்கெல்லாம் இந்தக் கணினியைத் தொடாதீர்கள்.

டிஸ்க்கில் பழைய கோப்புகள் இருந்தால் பேக்கப் எடுங்கள். நான் பேக்கப் மென்பொருள்களை நம்புவதில்லை, கோப்புறைகளைக் கையால் வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டு, வேறொரு கணினியில் நாலைந்தைத் திறந்து பார்ப்பதுதான் என் வழக்கம். கூடவே நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள். நிறுவி முடித்த பிறகு நெட் வராமல், நெட் டிரைவரை இறக்க நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

கணினியில் இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் 7 தனக்கென்று 100 எம்பியில் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று ஒரு பகுதி ஒதுக்கிக்கொள்ளும், அது தவறான டிஸ்க்கில் போய் உட்கார்ந்தால் பின்னால் அந்த டிஸ்க்கைக் கழற்றும் நாளில் விண்டோஸ் பூட் ஆகாது.

சரி, டிவிடியில் இருந்து பூட் செய்து, மொழியைத் தேர்ந்து, 'கஸ்டம்' என்பதை அழுத்துங்கள். 'அப்கிரேட்' அல்ல. அடுத்த திரையில் 'டிரைவ் ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் பழைய பகுதிகளை அழித்து ஃபார்மட் செய்யலாம். அளவைப் பார்த்து இது எந்த டிஸ்க் என்று உறுதி செய்துகொண்டு அழியுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கீ கேட்கும். அங்கே எதையும் அடிக்காதீர்கள். பெட்டியைக் காலியாக விட்டு, 'ஆன்லைனில் தானாக ஆக்டிவேட் செய்' என்ற டிக்கையும் எடுத்துவிட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். 30 நாள் அவகாசம் கிடைக்கும், அவசரமே இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். எல்லாம் ஏறிய பிறகு 25 எழுத்துக் கீயை அடித்தேன். இந்தக் கீ அப்கிரேடுக்கு மட்டும்தான், புதிதாக நிறுவ அல்ல என்று எஃப்061 என முடியும் ஒரு பிழை எண் வந்தது. காரணம் இதுதான்: டிவிடியில் இருந்து பூட் செய்து நிறுவினால் விண்டோஸ் அதை ரெஜிஸ்ட்ரியில், அதாவது தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில், குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் ரெஜ்எடிட் என்று தேடித் திறங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், செட்அப் என்று இறங்கி, ஓ-ஓ-பி-இ என்ற நான்கெழுத்துக் கோப்புறைக்குப் போங்கள். வலப்பக்கம் 'மீடியாபூட்இன்ஸ்டால்' இருக்கும். அதன் மதிப்பு 1. அதை 0 ஆக்குங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), அதை ஒட்டியே ஆர்-இ-ஏ-ஆர்-எம் என்று அடியுங்கள். உரிமக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கட்டளை முடிந்தது என்று ஒரு பெட்டி வந்ததும் ரீஸ்டார்ட், பிறகு கீ, பிறகு ஆக்டிவேட். நெட் வழியாக ஆகாவிட்டால் எஸ்-எல்-யு-ஐ, இடைவெளி, 4 என்று அடித்தால் தொலைபேசி வழி திறக்கும்.

இவ்வளவையும் முதல் மாலையே செய்தேன், ஆனால் ஆகவில்லை. நான் ஒரு அப்டேட் கோப்பைக் கையால் நிறுவிவிட்டு, 'பிறகு ரீஸ்டார்ட் செய்கிறேன்' என்று தள்ளி வைத்திருந்தேன். அந்த ரீஸ்டார்ட் பாக்கி இருக்கும்போது இந்த வேலை எடுபடவில்லை. ஷட்டவுன் பொத்தானில் ஆரஞ்சு நிறக் கேடயம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் அதை முடித்து, கணினி முழுதாக ஏறி வந்த பிறகு ரெஜிஸ்ட்ரிக்குள் போங்கள். மூன்று தடவைதான் இப்படிப் புதுப்பிக்க முடியும், கண்மூடித்தனமாகத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: டிவிடி டிரைவ் இல்லாத ஒருவர் பென் டிரைவில் இருந்து போட முயன்று, 'தேவையான சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்ற செய்தியில் நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். பென் டிரைவைப் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 துளையில் செருகியிருந்தார். விண்டோஸ் 7-க்கு அதற்கான டிரைவர் கூடவே வருவதில்லை. கருப்புத் துளைக்கு, அதாவது 2.0-க்கு மாற்றியதும் ஓடிவிட்டது. பென் டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும், வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிக்கும் கணினியிலும் விண்டோஸ் 7 இருந்தால் ரூஃபஸின் 3.22 பதிப்பை இறக்குங்கள், அதற்குப் பிந்தியவை 7-இல் ஓடாது.

இன்னொரு கேள்வி 32 பிட்டா, 64 பிட்டா என்பது. என் பெட்டியில் இரண்டு டிவிடியும் இருந்தன, கீ ஒன்றுதான், இரண்டுக்கும் பொருந்தும். 4 ஜிபி அல்லது அதற்கு மேல் ராம் இருந்தால் 64 போடுங்கள். ஆனால் ஸ்கேனர் மாதிரி பழைய சாதனத்துக்காகத்தான் என்றால், அதற்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் ஸ்கேனருக்கு இல்லை, அதனால் நான் 32-ஐத்தான் போட்டேன்.