கோனா கரையில் கயாக், ஸ்நார்கெல்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயின் பெரிய தீவில், கோனா பக்கத்துக் கரையில், கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) குழுக்களோடு துணை வழிகாட்டியாகக் கடலுக்குப் போய் வருகிறேன். பெரும்பாலும் கேயாலகேகுவா விரிகுடாவுக்குத்தான். நாப்போபோ படகுத்துறையிலிருந்து துடுப்பு போட்டு எதிர்க்கரையில் இருக்கும் காவலோவாவுக்குப் போவோம். அங்கே ஸ்நார்கெல், அதாவது மாஸ்க் மாட்டி, மூச்சு விடும் குழாயை வாயில் கவ்வித் தண்ணீரில் இறங்கி, மீனும் பவளமும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஒரு வழி ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். 1779 பிப்ரவரி 14 அன்று கேப்டன் ஜேம்ஸ் குக் கொல்லப்பட்ட கரை அது. 1874-இல் அவருக்காக எழுப்பிய வெள்ளைத் தூண் இன்றும் தண்ணீரோரம் நிற்கிறது. 1969-லிருந்து இந்த விரிகுடா பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. சொந்தக் கயாக்காகவே இருந்தாலும் மாநில அரசின் அனுமதி இல்லாமல் இங்கே இறக்க முடியாது. அதனால் அனுமதி பெற்ற வழிகாட்டிக் குழுவோடு போவதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரியான வழி.

விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதை எல்லாம் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவர் சொல்லியும் காதில் விழாமல் போகிறவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாமதமாகக் கிளம்புவது

ஓட்டலில் சாவகாசமாகக் காலை உணவை முடித்துவிட்டு, பத்தரை மணிப் பயணத்துக்குப் பதிவு செய்கிறார்கள். ஏழு மணிப் பயணத்தில் இடம் காலியாக இருக்கும்.

மௌனா லோவா 4,169 மீட்டர் உயர மலை. அதுவும் பக்கத்தில் இருக்கும் ஹுவாலலாயும் சேர்ந்து, கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைத் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் கோனா கரை இவ்வளவு அமைதி. ஆனால் இங்கே வேறொரு காற்று உண்டு. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும், மேலே காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். காலை எட்டு மணிக்கு அலையே இல்லாமல் கிடக்கும் விரிகுடா, நண்பகல் தாண்டும்போது சிற்றலைகளோடு குலுங்க ஆரம்பித்துவிடும். போகும்போது சுலபமாக இருந்த அதே தூரம், திரும்பும்போது பக்கவாட்டு அலையோடு, களைத்த தோளோடு, இரண்டு மடங்காகத் தெரியும்.

இதில் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும். அலை வந்ததும் பயந்துபோய், கரையோரம் போனால் பாதுகாப்பு என்று நினைத்து மலைச்சுவரை ஒட்டிப் போவார்கள். இந்த விரிகுடாவின் கரையில் ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துப் பாறை நிற்கிறது. அதில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் குறுக்கும் நெடுக்கும் அடித்துக்கொள்ளும் இடம் அதுதான். மேலிருந்து கல்லும் விழும். அந்தப் பாறைக் குகைகளில் ஹவாய் மக்கள் தங்கள் தலைவர்களின் எலும்புகளை வைத்திருக்கிறார்கள். அதற்காகவும் தள்ளியே போக வேண்டும்.

பலசாலி முன்னால் உட்காருவது

இரட்டைக் கயாக்கில் பலமானவர் பின்னால்தான் உட்கார வேண்டும். திசை திருப்புவது பின் சீட்டின் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் கொடுத்தால் போதும், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துத் துடுப்பு போடுவார்.

துடுப்பை வைத்த கையோடு தண்ணீரில் குதிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை முறை எச்சரித்தாலும் தொடர்ந்து நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

காவலோவா போய்ச் சேரும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். வழக்கமாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் உடம்பு, திடீரென்று முக்கால் மணி நேரம் துடுப்பு போட்டிருக்கிறது. கீழே குனிந்தால் மஞ்சள் மீன் கூட்டம் தெரிகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே தண்ணீரில். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? மாஸ்க்கை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, அப்படியே இறங்கிவிடுகிறார்கள்.

ஹவாயில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகள் எதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால், முதலிடத்தில் இருப்பது ஸ்நார்கெல். பெரிய அலையோ, சுறாவோ, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமோதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே நடந்த ஸ்நார்கெல் பாதுகாப்பு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தண்ணீரை விழுங்கித் தத்தளிக்காமலே, நுரையீரலுக்குள் உடம்பின் நீரே கோத்துக்கொண்டு பலர் மயங்கியிருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது? உடம்பு தண்ணீரில் அமிழ்ந்ததும், வெளி அழுத்தத்தால் கால்களில் இருக்கும் இரத்தம் நெஞ்சுப் பக்கம் நகரும். நுரையீரலின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும். அப்புறம் வாயில் இருக்கும் ஸ்நார்கெல் குழாய். சும்மா இருக்கும்போது அதன் வழியாக மூச்சு விடுவது கஷ்டமாகத் தெரியாது. மூச்சிரைக்கும்போது அதே குழாய் வழியாக வேகமாக உறிஞ்சினால், கெட்டியான மில்க்ஷேக்கை மெல்லிய ஸ்ட்ராவில் இழுப்பதைப் போல உள்ளே இழுவிசை உண்டாகும். அந்த இழுவிசை, நுண்குழாய்களில் இருக்கும் நீரைக் காற்றறைகளுக்குள் கசிய வைக்கும். ஆக்சிஜன் குறையும், கைகால் சோரும், நினைவு மங்கும். கையை ஆட்டுவதோ கத்துவதோ இருக்காது. குப்புற மிதக்கிறவர் மீன் பார்க்கிறார் என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்த இடத்தில் கயாக்கையும் ஸ்நார்கெலையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் உடம்பை நன்றாகக் களைக்க வைக்கிறோம். உடனே மூச்சுக்குக் குழாயை மாட்டித் தண்ணீரில் இறக்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஓய்வு இல்லை என்றால் இதைவிட மோசமான வரிசை வேறு கிடையாது.

ஒரு முறை எங்கள் குழுவில் ஐம்பது தாண்டிய ஒருவர் வந்திருந்தார். மகன் குடும்பத்தோடு ஒரு பயணம். நல்ல மனிதர், கலகலப்பானவர். மனைவி முன் சீட்டில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டே வந்தார். இவர் ஒருவரே இரண்டு பேருக்கும் சேர்த்துத் துடுப்பு போட்டு, மகனின் படகை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். "சார், பத்து நிமிஷம் படகிலேயே உட்காருங்க" என்றேன். "சரி சரி" என்று தலையாட்டினார். நான் அடுத்த படகைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது தண்ணீரில் இருந்தார்.

குப்புற மிதந்துகொண்டிருந்தார். குழாய் மேலே நேராக நின்றது. எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஒன்றைத் தவிர. காலில் மாட்டியிருந்த ஃபின்ஸ் (நீந்துவதற்கான ரப்பர் துடுப்பு) இரண்டும் அசையவில்லை. அலை தூக்கும்போது தூக்கி, இறக்கும்போது இறங்கின. நீந்திப் போய்த் தோளைத் தட்டினேன். தலையைத் தூக்கினார், உதடு வெளுத்திருந்தது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "மூச்..." என்பதற்கு மேல் வரவில்லை. குழாயைப் பிடுங்கிப் போட்டு, மல்லாக்கத் திருப்பி, என் படகின் மூக்கைப் பிடிக்க வைத்தேன். வழிகாட்டி ரேடியோவில் அழைத்து, பக்கத்தில் நின்ற மோட்டார் படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். பிழைத்துக்கொண்டார். பிறகு தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்னதுதான் முக்கியம்: "இறங்கினதுமே மூச்சு வாங்குச்சு தம்பி. துடுப்பு போட்டதாலதான்னு நினைச்சேன். எல்லாரும் நல்லா இருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

அந்த "எப்படிச் சொல்றது" என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மருமகள் முன்னால், பேரப்பிள்ளை முன்னால், முடியவில்லை என்று சொல்லக் கூச்சம். பதிவுப் படிவத்தில் நீச்சல் தெரியுமா, நோய் உண்டா என்று கேட்டிருப்பார்கள். படகில் ஏற்ற மாட்டார்களோ என்ற பயத்தில் "நீச்சல் தெரியும், நோய் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வழிகாட்டி உங்களைத் திருப்பி அனுப்புவதற்காக அதைக் கேட்கவில்லை. யாருக்குப் பக்கத்தில் தன் படகை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்.

குறை பயணிகளிடம் மட்டும் இல்லை. வேறொரு குழுவின் வழிகாட்டி, "நேரமாகுது, குதிங்க குதிங்க" என்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தவர்களை இறக்கிவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்குப் படகுகள் திரும்ப வேண்டுமாம். உங்கள் வழிகாட்டி அப்படி அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். நீங்கள் கொடுத்த காசுக்கு உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரமும் சேர்த்திதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் படகிலேயே உட்காருங்கள். நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறவரை இறங்காதீர்கள். இறங்கியதும் முதல் சில நிமிடம் படகைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். ஸ்நார்கெல் பழகுகிறவர்களுக்குக் கால் எட்டும் ஆழத்தில் இருங்கள் என்று சொல்வது வழக்கம். காவலோவாவில் அதற்கு வழியில்லை. இது எரிமலைக் கரை, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே அடித்தளம் சரசரவென்று இறங்கிவிடும். மணல் கடற்கரையில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இது புரிய நேரம் ஆகும். இங்கே உங்களுக்குத் தரை என்பது உங்கள் படகுதான். காரணம் இல்லாமல் மூச்சு வாங்கினால், கை தளர்ந்தால், குழாயைத் துப்பிவிட்டு மல்லாக்கப் புரண்டு கையைத் தூக்குங்கள். அதோடு அன்றைய ஸ்நார்கெல் முடிந்தது. கொஞ்சம் சரியானதும் மறுபடி இறங்குவது வேண்டாம்.

முழு முக மாஸ்க்

வேண்டாம். மூச்சு முட்டும்போது குழாயைத் துப்புவது நொடி வேலை. முகம் முழுக்க மூடியிருந்தால் வாரைத் தேட வேண்டும்.

மங்கலாகத் தெரிந்ததும் மாஸ்க்கைக் கழற்றுவது

கரையை ஒட்டி நீந்தும்போது திடீரென்று எல்லாம் கலங்கி, நெளிந்து தெரியும். கையை நீட்டினால் விரல்களின் ஓரம் கரைவதுபோல இருக்கும். கூடவே முகத்தில் சில்லென்று படும். மாஸ்க்கில் ஆவி படிந்துவிட்டது என்று கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார்கள், அப்போதும் மங்கல்தான். இரண்டாவது முறை கழற்றும்போது மூக்கில் தண்ணீர் ஏறும், பதற்றம் தொடங்கும்.

மாஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. மௌனா லோவா சரிவில் பெய்யும் மழை, ஓட்டைகள் நிறைந்த லாவாப் பாறை வழியாக இறங்கி, கரையோரத்தில் குளிர்ந்த ஊற்றாகக் கடலில் கலக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒளி வளைவதால்தான் அந்த மங்கல். கரையிலிருந்து கொஞ்சம் விலகுங்கள், தெளிந்துவிடும்.

பவளத்தின் மேல் நிற்பது

களைத்தவர்களும் மாஸ்க் சரிசெய்கிறவர்களும் செய்வது. இங்கே நிறையக் காணும் மேட்டுப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு மீட்டர் உயர மேடு நூறு ஆண்டு வளர்ச்சி, உயிருள்ள பொருள். அதன் மேல் நின்றுகொண்டு குழந்தைக்கு மாஸ்க் மாட்டிவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இடுக்குகளில் வனா என்ற கறுப்புக் கடல் முள்ளெலி இருக்கும். அதன் முள் குத்தினால் உள்ளேயே உடைந்து நின்றுவிடும். நிற்காதீர்கள், படகைக் கூப்பிடுங்கள்.

டால்பினைத் துரத்துவது

இந்த விரிகுடாவுக்கு வரும் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் இங்கே தூங்க வருகின்றன. மெதுவாக, ஒன்றை ஒன்று ஒட்டிப் போனால் அவை தூக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். 2021 அக்டோபரிலிருந்து கரையிலிருந்து இரண்டு கடல்மைலுக்குள் 50 கஜத்துக்கு நெருக்கமாக இவற்றை அணுகுவது சட்டப்படி குற்றம். நீந்துகிறவருக்கும் படகுக்கும் ட்ரோனுக்கும் அதே விதிதான். அவையாக உங்கள் பக்கம் வந்தால் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கடந்து போக விடுங்கள்.

சன்ஸ்க்ரீனை மட்டும் நம்புவது

முழுக்கை ரேஷ் கார்ட் (நீந்தும்போது போடும் இறுக்கமான மேல்சட்டை) போடுங்கள். குப்புற மிதக்கிறவருக்கு வெயில் விழுவது முதுகிலும் முழங்காலின் பின்புறத்திலும்தான்.

லாவாக் கல்லைப் பையில் போடுவது

கூடாது. கரை முழுவதும் மாநில வரலாற்றுப் பூங்கா.

படகுக்கும் பாறைக்கும் நடுவில் இறங்குவது

கடைசி ஐந்து நிமிடத்தில் காலை உடைத்துக்கொள்ளும் வழி இது. கரை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், கரைப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு இறங்குவார்கள். அடுத்த அலை வரும். இரட்டைக் கயாக் காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 30 கிலோ. அலை தள்ளும்போது அது பக்கவாட்டில் வந்து முழங்காலைப் பாறையோடு நசுக்கும். சொரசொரப்பான லாவாப் பாறை தோலைச் சீவிவிடும். வழுவழுப்பான பாறையில் பாசி இருந்தால் கால் நிற்காது.

படகைக் கரைக்கு நேராக நிறுத்தி, வழிகாட்டி படகின் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்வரை உட்கார்ந்திருங்கள். ஒருவர் ஒருவராகத்தான் இறங்க வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கடல் பக்கம் இறங்குங்கள். காலில் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் ரப்பர் அடிக் காலணி வேண்டும். கையில் இருக்கும் தொலைபேசியை முன்கூட்டியே பைக்குள் போட்டுவிடுங்கள், இறங்கும்போது இரண்டு கையும் தேவைப்படும்.