சிம் ரவுட்டரில் ஹாம் கழகத்தை ஓட்டுவது: திருகோணமலைக்கான குறிப்புகள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) கழகத்துக்கு இணையம் என்றதும் பெரிய பக்கேஜும் நிலையான ஐபியும் தேடி அலைய வேண்டாம். ஹாம் நிலையங்களை இணையம் வழியே பேசவைக்கும் எக்கோலிங்க்கில் பேச்சு நொடிக்குச் சுமார் 17 கிலோபிட்தான். ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 8 மெகாபைட்டைத் தாண்டாது. டேட்டாவைத் தின்பது கழகக் கணினியின் விண்டோஸ் அப்டேட்தான். வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' போட்டுவிட்டால் சின்னப் பக்கேஜே மாதம் முழுக்கக் காணும்.

தலையிடி வேறு இடத்தில். எக்கோலிங்க்குக்காக ரவுட்டரில் 5198, 5199 யூடிபி போர்ட்களை (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்கள்) திறந்து வைத்தும் வெளியிலிருந்து யாராலும் இணைய முடியவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் ஐபியையும், ஐபி காட்டும் தளம் ஒன்று சொல்வதையும் ஒப்பிடுங்கள். ரவுட்டரில் உள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். போர்ட்டைத் திறந்து பயனில்லை.

ஆகவே எல்லாமே உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பாக இருக்கட்டும். எக்கோலிங்க்கைப் புரொக்சி (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் சேவையகம்) வழியே விடுங்கள். அது டிசிபி போர்ட் 8100இல் போகும். ஏபிஆர்எஸ் ஐகேட் (ரேடியோவில் வரும் இருப்பிடத் தகவலை இணையத்துக்கு அனுப்பும் நிலையம்) தானே சேவையகத்தின் போர்ட் 14580க்குப் போய்ச் சேரும். தூரத்திலிருந்து கணினியைப் பார்க்க, பொது ஐபியுள்ள ஃபைபர் வைத்திருக்கும் உறுப்பினர் வீட்டில் ஒரு ராஸ்பெரி பை சிறுகணினியில் வயர்கார்ட் (இரு இடங்களை இணைக்கும் விபிஎன் மென்பொருள்) போதும். கழகப் பக்க வயர்கார்ட் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு சமிக்ஞை) 25 நொடி என்று கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் பேச்சில்லாத சில நிமிடங்களில் நடுவழி ரவுட்டர் இணைப்பை மறந்துவிடும், வீட்டிலிருந்து கழகத்தைத் தொட முடியாது. இணையப் பக்கங்கள் பாதியில் நின்றால் வயர்கார்டின் எம்டியூவை (ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவு) 1280 ஆக்குங்கள். வயர்கார்ட் மறையாக்கம் செய்வது. அதை ஹாம் அலைவரிசையில் ஏற்றக்கூடாது.

அந்த ஃபைபரையே வைஃபையால் கழகத்துக்கு இழுக்கலாம். 1 கிலோமீற்றருக்கு நேர்பார்வை மட்டும் போதாது: நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி 2.4 கிகாஹேர்ட்சில் 3.4 மீற்றர், 5.8இல் 2.2 மீற்றர் தடையில்லா வெளி வேண்டும். வெயிலில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்; மாரியில் நனைந்த பனையோலை சமிக்ஞையை விழுங்கும். உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் லான் கேபிளின் ஆர்ஜே45 முனை பச்சை பூக்கும். தன்னொட்டு ரப்பர் டேப் சுற்றி, கேபிளை முனைக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவுதான்; போஇ (லான் கேபிள் வழியே கருவிக்குப் போகும்) மின்சாரத்தை நீள ஓட்டத்தில் குறைத்து, மேலேயுள்ள கருவியை அடிக்கடி ரீபூட் ஆக்கும்.

2 மீற்றர் அலைவரிசை ரிசீவரில் புதிதாக ஒரு சீழ்க்கை கேட்டால் லான் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சீழ்க்கை நின்றால் கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுங்கள்.

2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. இங்கே கழகம் தேவைப்படுவது அப்படியான இரவுகளில்தான். 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தால், 6 வாட் ரவுட்டர் 7 மணி நேரம் ஓடும். நேர்முனை வயரில் பற்றரிக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மலிவான டிசி கன்வேர்ட்டர் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். அதை ரேடியோ மேசைக்கு எட்டத்தில் வையுங்கள்.