கெர்னலில் ஹார்டுவேர் இன்டரப்ட்: டைமரும் கீபோர்டும் ஓடும் வரை படிப்படியாக

சொந்தமாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிப் பழகுபவர்களுக்குத் திரையில் ஒரு வரியை அச்சிடும் வரை எல்லாம் நன்றாகவே போகும். அடுத்து கீபோர்டில் கை வைப்பார்கள். இன்டரப்ட்டை, அதாவது சாதனங்கள் ப்ராசஸருக்குக் கொடுக்கும் சிக்னலை, திறந்துவிடும் அந்த ஒரு கட்டளை ஓடியதுமே க்யூஎமு (கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர்) ஜன்னல் திரும்பத் திரும்ப பூட் ஆகத் தொடங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் வேலைகளைச் செய்த வரிசைதான் காரணம். முதலில் எக்ஸெப்ஷன்களை (ஓடும் கட்டளையால் ப்ராசஸரே எழுப்பும் இன்டரப்ட்களை) பிடிக்க வழி செய்ய வேண்டும். பிறகு இன்டரப்ட் கன்ட்ரோலரை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்புறம் ஒரே ஒரு சாதனத்தை மட்டும் திறக்க வேண்டும். இந்த வரிசையில் போனால் எந்தக் கட்டத்தில் உடைகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது 32 பிட் எக்ஸ்86 ப்ராசஸர், ப்ரொடெக்டட் மோடு. க்ரப் என்ற பூட்லோடர் வழியாக பூட் ஆகித் திரையில் எழுதத் தெரிந்த, சி மொழியில் எழுதிய ஒரு சின்ன கெர்னல் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஒரு போர்ட்டுக்கு (சாதனத்தோடு பேசுவதற்கான, எண்ணிட்ட வாசல்) ஒரு பைட் அனுப்பவும், அதிலிருந்து ஒரு பைட் வாங்கவும் இரண்டு சிறிய அசெம்பிளி ஃபங்ஷன்களும் வேண்டும். எண்களை எல்லாம் தசமத்திலேயே தருகிறேன். மற்ற இடங்களில் இதே எண்களை ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) பார்ப்பீர்கள். தசம 32 அங்கே 20 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

எதற்காக இன்டரப்ட்?

எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்பவரானாலும் நொடிக்குப் பத்துப் பதினைந்து எழுத்துக்கு மேல் அடிப்பது அரிது. அதே ஒரு நொடியில் இன்றைய ப்ராசஸர் நூறு கோடிக்கும் மேற்பட்ட கட்டளைகளை ஓட்டிவிடும். "ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா" என்று கீபோர்டைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அத்தனை வேகமும் வீண். ஆகவே சாதனமே சிக்னல் கொடுக்கிறது. ப்ராசஸர் கையிலிருக்கும் கட்டளையை முடித்து, எங்கே திரும்பி வர வேண்டும் என்பதை ஸ்டாக்கில் வைத்துவிட்டு, நாம் எழுதிய ஹேண்ட்லருக்குத் தாவுகிறது. முடிந்ததும் விட்ட இடத்துக்கே வருகிறது. நடுவில் நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக் கூடாது. கீழே வரும் அசெம்பிளி வேலை முழுவதும் இதற்காகத்தான்.

படி 1: ஐடிடி அட்டவணை

எந்த எண்ணுள்ள இன்டரப்ட் வந்தால் எங்கே தாவுவது என்பதை ப்ராசஸர் ஐடிடி என்ற அட்டவணையில் பார்க்கிறது. அதில் 256 பதிவுகள், ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 2048 பைட். இந்தப் பதிவு எண்ணைத்தான் வெக்டார் என்பார்கள்.

ஒரு பதிவில் வருபவை இந்த வரிசையில்: ஹேண்ட்லர் முகவரியின் கீழ் 16 பிட், கோடு செக்மென்ட் செலக்டர் 16 பிட், ஒரு சுழிய பைட், வகையைச் சொல்லும் ஒரு பைட், முகவரியின் மேல் 16 பிட். வகை பைட்டில் 142 போடுங்கள். அதை இருமத்தில் எழுதினால் 10001110. முதல் 1 இந்தப் பதிவு செல்லும் என்கிறது. அடுத்த 00 கெர்னல் நிலையைக் குறிக்கிறது. கடைசி 1110 இது 32 பிட் இன்டரப்ட் கேட் என்கிறது. கடைசி பிட்டையும் 1 ஆக்கி 143 போட்டால் அது ட்ராப் கேட் ஆகிவிடும். அப்போது ஹேண்ட்லருக்குள் நுழையும்போது மற்ற இன்டரப்ட்கள் தானாக அடைபடாது. ஹார்டுவேருக்கு நமக்கு வேண்டியது 142.

செலக்டரில் பலர் சறுக்குகிறார்கள். ஜிடிடி என்பது நினைவகப் பகுதிகளான செக்மென்ட்களை விவரிக்கும் அட்டவணை, செலக்டர் என்பது அதில் ஒரு பதிவைச் சுட்டும் எண். க்ரப் விட்டுச்செல்லும் ஜிடிடியை நம்பக் கூடாது என்று, பூட்லோடருக்கும் கெர்னலுக்கும் பொதுவான மல்டிபூட் விதியே சொல்கிறது. அதனால் உங்கள் சொந்த ஜிடிடியை முதலில் ஏற்றி, அதிலுள்ள கோடு செக்மென்ட்டின் செலக்டரையே இங்கே எழுதுங்கள். வழக்கமாக அது 8.

ஐடிடி எங்கே இருக்கிறது என்று ப்ராசஸருக்குச் சொல்லும் எல்ஐடிடி கட்டளைக்கு 6 பைட் கொண்ட ஒரு கட்டமைப்பைக் கொடுக்க வேண்டும்: முதலில் 16 பிட் அளவு, பிறகு 32 பிட் முகவரி. அளவு என்ற இடத்தில் 2047 வர வேண்டும், மொத்த பைட்டில் ஒன்று குறைவாக.

படி 2: அசெம்பிளி முகப்பு

சி ஃபங்ஷனின் முகவரியை நேரடியாக ஐடிடியில் எழுதினால் வேலைக்கு ஆகாது. இன்டரப்ட் வரும்போது ப்ராசஸர் ஈஃப்ளாக்ஸ் (நிலைக் கொடிகள்), சிஎஸ் (கோடு செக்மென்ட்), ஈஐபி (திரும்ப வேண்டிய கட்டளையின் முகவரி) என்ற மூன்றையும் ஸ்டாக்கில் வைக்கிறது. சாதாரண ரிட்டர்ன் இவற்றில் ஈஐபியை மட்டும்தான் எடுக்கும். மூன்றையும் எடுக்க ஐரெட் என்ற தனிக் கட்டளை வேண்டும். அதோடு, நிறுத்தப்பட்ட நிரல் பயன்படுத்திக்கொண்டிருந்த ரெஜிஸ்டர்களையும் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 8, 10 முதல் 14 வரை, 17 ஆகிய எக்ஸெப்ஷன்களுக்கு ப்ராசஸர் கூடுதலாக ஒரு பிழை எண்ணையும் ஸ்டாக்கில் வைக்கும். பெரும்பாலான மற்றவற்றுக்கு வைக்காது. ஸ்டாக்கின் அமைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்தால்தான் சி பக்கத்தில் ஒரே கட்டமைப்பால் படிக்க முடியும். அதனால் பிழை எண் வராத வெக்டார்களுக்கு நாமே ஒரு சுழியத்தை வைத்துவிடுகிறோம்.

ஆக, ஒவ்வொரு வெக்டாருக்கும் ஒரு குட்டி முகப்பு: தேவையானால் சுழியம், பிறகு வெக்டார் எண், பிறகு எல்லோருக்கும் பொதுவான ஒரு இடத்துக்குத் தாவல். அந்தப் பொது இடத்தில் புஷா கட்டளையால் எட்டு ரெஜிஸ்டர்களையும் வைத்து, டேட்டா செக்மென்ட்டைச் சுட்டும் டிஎஸ் ரெஜிஸ்டரையும் வைத்து, கெர்னலின் டேட்டா செக்மென்ட்டை ஏற்றுங்கள். சிஎல்டி கட்டளையை மறக்க வேண்டாம்; நினைவகத்தில் நகரும் திசையைச் சொல்லும் கொடி அணைந்திருக்கிறது என்று நம்பித்தான் சி கம்பைலர் நிரலை உருவாக்குகிறது. அடுத்து, ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஈஎஸ்பியின் மதிப்பை ஸ்டாக்கில் வைத்து சி ஃபங்ஷனை அழையுங்கள். அது ஸ்டாக்கில் உள்ள அனைத்தையும் காட்டும் பாயின்டராகச் சென்று சேரும்.

திரும்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசையில். கடைசியாக ஈஎஸ்பியில் 8 ஐக் கூட்டி, வெக்டார் எண்ணையும் பிழை எண்ணையும் தள்ளிவிட்டு ஐரெட். அந்த 8 விட்டுப்போனால் ஐரெட் வெக்டார் எண்ணையே திரும்பும் முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

256 முகப்புகளும் வேண்டாம். 0 முதல் 47 வரை போதும். அசெம்ப்ளரின் மேக்ரோ வசதியைப் பயன்படுத்தினால் சில வரிகளில் முடிந்துவிடும். மற்ற பதிவுகள் சுழியமாகவே இருக்கட்டும்.

படி 3: எக்ஸெப்ஷனை வைத்துச் சோதனை

இன்டரப்ட்டைத் திறக்கும் எஸ்டிஐ கட்டளையை இன்னும் தொடாதீர்கள். எந்தச் சாதனமும் இல்லாமலே முகப்பு சரியா என்று இப்போது பார்த்துவிடலாம். இதற்கு இன்ட் 3 கட்டளையைத்தான் நான் பரிந்துரைப்பேன். சுழியத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லும் பாடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஹேண்ட்லர் முடிந்ததும் ப்ராசஸர் அதே வகுத்தலுக்கே திரும்பி வந்து மறுபடி சிக்கிக்கொள்ளும். இன்ட் 3 அப்படியில்லை, அடுத்த கட்டளைக்குத் திரும்பும். அதற்கு முன் ஒரு வரியும் பின் ஒரு வரியும் அச்சிடுங்கள். நடுவில் ஹேண்ட்லர் "வெக்டார் 3" என்று சொல்லி, பிறகு இரண்டாவது வரியும் வந்தால் ஸ்டாக் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி மறுபடி பூட் ஆனால் அது ட்ரிபிள் ஃபால்ட். ஒரு எக்ஸெப்ஷனின் ஹேண்ட்லருக்குப் போக முடியாவிட்டால் ப்ராசஸர் டபுள் ஃபால்ட் எனப்படும் வெக்டார் 8 ஐ முயலும். அதற்கும் போக முடியாவிட்டால் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். க்யூஎமுவை மைனஸ் டி இன்ட் (-d int), மைனஸ் நோ ரீபூட் (-no-reboot) என்ற இரண்டு தேர்வுகளோடு ஓட்டினால் அது முதல் ரீசெட்டிலேயே நின்றுவிடும். நடந்த ஒவ்வொரு இன்டரப்ட்டின் விவரமும் கிடைக்கும். கடைசியில் கோத்துக்கொண்டு வரும் வரிகளில் முதலாவதாக வந்த வெக்டார் எண்ணைப் பாருங்கள், பின்னால் வருபவை அதன் விளைவுகள்தான். 13 என்றால் பெரும்பாலும் செலக்டர் தவறு, அல்லது அந்தப் பதிவே காலி.

படி 4: 8259ஏ சிப்பை இடம் மாற்றுதல்

1981 இல் வந்த ஐபிஎம் பிசியில் சாதனங்களின் சிக்னலை வாங்கி ப்ராசஸருக்கு அனுப்பும் ஒரு 8259ஏ இன்டரப்ட் கன்ட்ரோலர் இருந்தது, சாதனங்களுக்கு எட்டு லைன்கள். 1984 இல் வந்த ஏடி மாடலில் இரண்டாவது சிப்பைச் சேர்த்து, அதை முதல் சிப்பின் 2 ஆம் லைனில் மாட்டினார்கள். அதனால்தான் சாதனங்களுக்கு 16 இல்லாமல் 15 லைன்கள். 0 டைமர், 1 கீபோர்டு, 8 நேரக் கடிகாரம், 12 மவுஸ். இன்றைய கணினிகளில் ஏபிஐசி என்ற புதிய அமைப்பு இருக்கிறது. ஆனாலும் முதல் பாடத்துக்கு இந்தப் பழைய சிப்தான் எளிது, க்யூஎமுவும் இதை அப்படியே தருகிறது.

இதில் ஒரு பழைய முரண்பாடு புதைந்திருக்கிறது. முதல் 32 வெக்டார்களை இன்டெல் தன் எக்ஸெப்ஷன்களுக்கு ஒதுக்கியிருந்தது. பிசியின் தொடக்க நிரலான பயாஸோ முதல் எட்டு லைன்களை வெக்டார் 8 முதல் 15 வரை வைத்தது. மாற்றாமல் விட்டால் டைமரின் ஒவ்வொரு துடிப்பும் டபுள் ஃபால்ட் போலவே தெரியும். ஆகவே லைன்களை 32 முதல் 47 வரை நகர்த்துகிறோம்.

முதல் சிப்பின் கட்டளை போர்ட் 32, தரவு போர்ட் 33. இரண்டாவதுக்கு 160, 161. இரண்டு கட்டளை போர்ட்டுகளுக்கும் 17 அனுப்புங்கள். அமைப்பு தொடங்குகிறது என்று அர்த்தம். இனி வருபவை தரவு போர்ட்டுகளுக்கு. முதல் சிப்புக்கு 32, இரண்டாவதுக்கு 40. இவை தொடக்க வெக்டார்கள், 8 இன் மடங்காக இருக்க வேண்டும். அடுத்து முதல் சிப்புக்கு 4, இரண்டாவதுக்கு 2. இரண்டும் அதே 2 ஆம் லைனைத்தான் சொல்கின்றன. முதல் சிப் அதை பிட் வடிவில் எதிர்பார்க்கிறது, இரண்டாவது வெறும் எண்ணாக எதிர்பார்க்கிறது. பிறகு இரண்டுக்கும் 1. கடைசியாக இரண்டுக்கும் 255, அதாவது எல்லா லைனையும் மூடு.

படி 5: டைமர் மட்டும்

டைமர் சிப் நொடிக்கு 1193182 முறை துடிக்கிறது. முதல் பிசியின் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் எண் இது. அந்தக் கிரிஸ்டல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி சிக்னலை ஒட்டித் தேர்ந்தெடுத்தது. நொடிக்கு 100 இன்டரப்ட் வேண்டுமென்றால் 11932 ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும். போர்ட் 67 க்கு 54 அனுப்பி, பிறகு போர்ட் 64 க்கு முதலில் கீழ் பைட் 156, அடுத்து மேல் பைட் 46 அனுப்புங்கள்.

ஹேண்ட்லர் ஒரு எண்ணியை ஒன்று கூட்டட்டும். நூறாகும்போதெல்லாம் திரையில் ஒரு புள்ளி. பிறகு போர்ட் 32 க்கு 32 என்ற மதிப்பை அனுப்ப வேண்டும். வேலை முடிந்தது என்று சிப்புக்குச் சொல்லும் செய்தி அது. 8 முதல் 15 வரையிலான லைன்கள் என்றால் போர்ட் 160 க்கும் சேர்த்து அனுப்புங்கள். இது போகாத வரை அந்த லைனும் அதைவிட முன்னுரிமை குறைந்தவையும் காத்தே கிடக்கும். எண்ணி 1 ஆகி அப்படியே நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம், இந்தச் செய்தி போகவில்லை.

போர்ட் 33 க்கு 254 அனுப்பி 0 ஆம் லைனை மட்டும் திறந்துவிட்டு, இப்போது எஸ்டிஐ. ஹேண்ட்லருக்குள் எஸ்டிஐ போட வேண்டாம். ஐரெட் பழைய ஈஃப்ளாக்ஸை மீட்கும்போதே இன்டரப்ட் தானாகத் திறந்துவிடும்.

படி 6: கீபோர்டு

போர்ட் 33 க்கு 252 அனுப்பினால் 0, 1 இரண்டும் திறக்கும். வெக்டார் 33 இன் ஹேண்ட்லர் போர்ட் 96 இலிருந்து ஒரு பைட் படிக்க வேண்டும். 'ஏ' பொத்தானை அழுத்தினால் 30, விட்டால் 158 வரும். விடும்போது மேல் பிட் 1 ஆகிறது, அதாவது 128 கூடுகிறது. அந்த பைட்டைப் படிக்காமல் விட்டால் அடுத்த பொத்தானுக்கு இன்டரப்ட் வராது.

படித்ததை ஹேண்ட்லரிலேயே எழுத்தாக மாற்றித் திரையில் போட ஆசை வரும். சோதனைக்குச் சரி, நிரந்தரமாக வைக்காதீர்கள். ஹேண்ட்லர் ஓடும் வரை மற்ற எல்லா இன்டரப்ட்டும் அடைபட்டிருக்கிறது. 8259ஏ ஒரு லைனுக்கு ஒரே ஒரு காத்திருப்பைத்தான் நினைவில் வைக்கும். நீங்கள் தாமதித்தால் டைமர் துடிப்புகள் காணாமல் போய் கடிகாரம் பின்தங்கும். லினக்ஸிலும் இதே காரணத்துக்காக அவசர வேலையை ஹேண்ட்லரிலும் மீதியைப் பிறகும் செய்யும்படி பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் பைட்டை ஒரு வட்ட பஃபரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எழுதும் இடத்தை ஹேண்ட்லர் மட்டும் நகர்த்தட்டும், படிக்கும் இடத்தை முதன்மை நிரல் மட்டும் நகர்த்தட்டும். இரண்டையும் வாலடைல் என்று அறிவியுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் பழைய மதிப்பையே ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு சுற்றும்.

படி 7: காத்திருக்கும் லூப்

பஃபர் காலியாக இருந்தால் ஹெச்எல்டி கட்டளையால் ப்ராசஸரைத் தூங்க வைக்கலாம். ஆனால் "காலியா" என்று பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு பொத்தான் அழுத்தப்பட்டால் என்ன ஆகும்? பைட் பஃபரில் இருக்கும், ப்ராசஸரோ அடுத்த இன்டரப்ட் வரும் வரை தூங்கும். டைமர் ஓடுவதால் இப்போது அதிகபட்சம் 10 மில்லி நொடித் தாமதம்தான், கண்ணுக்கே தெரியாது. நாளைக்கு டைமரை நிறுத்தினால் அடித்த எழுத்து அடுத்த எழுத்தை அடித்த பிறகுதான் திரையில் வரும்.

இதைத் தீர்க்க ப்ராசஸரிலேயே ஒரு வழி இருக்கிறது. எஸ்டிஐ உடனே இன்டரப்ட்டைத் திறப்பதில்லை. அதற்கடுத்த ஒரு கட்டளை முடிந்த பிறகே திறக்கிறது. ஆகவே சிஎல்ஐ போட்டு அடைத்துவிட்டு பஃபரைப் பாருங்கள். காலி என்றால் எஸ்டிஐ, உடனே ஹெச்எல்டி. நடுவில் எதுவும் நுழைய முடியாது. இரண்டையும் ஒரே அசெம்பிளி வரியாக எழுதுங்கள், கம்பைலர் இடையில் எதையும் செருகிவிடக் கூடாது. பஃபரில் ஏதாவது இருந்தால் எஸ்டிஐ மட்டும் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம்.

நிஜக் கணினியில் ஓட்டுவதற்கு முன்

மின் இரைச்சலால் ஒரு லைன் எழும்பி, ப்ராசஸர் எண்ணைக் கேட்பதற்குள் அடங்கிவிடுவதுண்டு. சிப் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்பதால் 7 ஐச் சொல்லும். இரண்டாவது சிப் என்றால் 15. இந்தப் பொய் இன்டரப்ட்டைக் கண்டுபிடிக்க, அந்தச் சிப்பின் கட்டளை போர்ட்டுக்கு 11 அனுப்பி அதே போர்ட்டைப் படியுங்கள். மேல் பிட் 0 என்றால் அது பொய். 7 என்றால் முடிவுச் செய்தி எதுவும் அனுப்பாமல் அப்படியே திரும்பிவிடுங்கள். 15 என்றால் முதல் சிப்புக்கு மட்டும் அனுப்புங்கள். இரண்டாவது சிப் 2 ஆம் லைன் வழியாக முதல் சிப்பை உண்மையாகவே எழுப்பியிருக்கிறது, அதன் கணக்கு இன்னும் முடியவில்லை.