மறதி என்றதும் "வயசாச்சு" என்று சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எச்.ஐ.வி.யோடு வாழும் மூத்தவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மறதியை வயசின் தலையில் கட்டுவது

2004-இல் இங்கே அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரை கிடைக்கத் தொடங்கியபோது நாற்பதில் இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு மறதி வந்தால் வயசு, இல்லையென்றால் கிருமி என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அத்தை, வயது 62. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு மறந்துவிடுவார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்ப்பார். பாதம் மரத்துப்போகிறது என்றும் சொன்னார். நான் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு மாதம் வீணாய்ப் போயிற்று.

அவர் பத்து ஆண்டாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். புரட்டாசிக்கு மட்டுமல்ல, வருஷம் முழுக்கச் சைவம். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 சத்து உடம்பில் சேர்வது குறையும். புலால் தொடாதவர்களுக்குச் சாப்பாட்டிலும் அது குறைவு. பி12 குறைந்தால் மறதியும் வரும், காலும் மரக்கும். ஒரு நர்ஸ்தான், "பையில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொட்டிக் காட்டுங்க அத்தை" என்றார். சர்க்கரை மாத்திரை வேறு இடத்தில் வாங்கியது. எங்களிடம் இருந்த அவருடைய மருத்துவக் கார்டில் அது இல்லவே இல்லை.

பி12 ஊசி போட ஆரம்பித்துச் சில மாதத்தில் பருப்பு கருகுவது நின்றது. கால் மரப்பு முழுசாகப் போகவில்லை. நரம்பு கெட்டு நாளாகிவிட்டால் அது பழையபடி திரும்புவது கஷ்டம். அந்த ஏழு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

ஆகவே மறதி என்றதும் வைரல் லோடோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) பி12, தைராய்டு, சிபிலிஸ், பிரஷர், தூக்கம், காது கேட்பது எல்லாம் பாருங்கள். மனச்சோர்வையும் கேளுங்கள், கோயிலுக்குப் போவதை நிறுத்தியவருக்கு மூட்டுவலிதான் காரணம் என்று இருக்காது.

டோலுடெகிராவிர் (எச்.ஐ.வி. மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு மெட்ஃபார்மின்

ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்க்க வேண்டும். டோலுடெகிராவிர் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

நெஞ்செரிச்சல் மருந்து

மக்னீசியம், அலுமினியம் உள்ளதைக் கூடவே விழுங்கக் கூடாது. டோலுடெகிராவிரை இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் கழித்து.

வீட்டார் முன்னால் மாத்திரையைப் பற்றிக் கேட்பது

கூடாது. அந்த நர்ஸ் முதலில் அத்தையின் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் பையைக் கொட்டச் சொன்னார்.